நாணலுக்குள் ஒரு குரல்

"பேசாதீங்க, பறந்துடும்."

"எது பறந்துடும்? முதல்ல அது வரட்டும்" என்றார் கணவர். "கிளினிக்ல எல்லாரையும் வாயைத் தொறக்கச் சொல்றே. இங்க வந்தா என்னை மட்டும் மூடச் சொல்றே. போன வருஷமும் இதே பாட்டுதான்."

பல் டாக்டரான மனைவி சிரிக்கவில்லை. பூங்காக் குளத்து நாணலைப் பார்த்தபடி இருந்த பைனாகுலரை அவள் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை.

குளிர் தொடங்கியதும் மலை தாண்டி வந்திறங்கும் நீலத்தொண்டைக் குருவிகளில் ஒன்றைக்கூட இந்த முறை காணோம். கட்டடங்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு மிஞ்சியிருக்கும் பச்சை இது ஒன்றுதான். இதையும் அவை மறந்துவிட்டால்?

"போன வருஷம் இதே பெஞ்சுல உக்காந்துதானே அது பாடினதைப் பதிவு பண்ணினே?"

"ம். இன்டர்நெட்டுல போட்டேன். முகம் தெரியாதவங்க எத்தனை பேர் கேட்டாங்க தெரியுமா? கேக்கறவங்களுக்கு இதுமேல ஒரு பாசம் வரட்டுமேன்னுதான்."

"வந்திருக்கும். உனக்கு வந்ததுல பாதியாவது."

தண்ணீரில் வெயில் ஏறியது. அவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தார். கிளம்பலாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அப்போது எதிர்க்கரையிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. தயங்கித் தொடங்கி, சரசரவென்று மேலேறும் அதே பாட்டு.

அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"வந்துடுச்சுங்க."

குனிந்தபடி கரையைச் சுற்றி நடந்தார்கள். நெருங்க நெருங்கப் பாட்டு வலுத்தது. ஆள் அரவத்துக்கு அஞ்சி அது நிற்கவும் இல்லை. நாணலை விலக்கிய அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு கழிகளுக்கு நடுவே, இருப்பதே தெரியாத மெல்லிய வலை. அதில் நீலத்தொண்டைகள் தலைகீழாகத் தொங்கின. சில இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. கீழே, சேற்றில் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கர் ஒன்று பாடிக்கொண்டிருந்தது.

"கூட்டத்தோட குரலைக் காட்டியே கூப்பிட்டுப் பிடிக்கிறானே..." என்றார் அவர். "எந்தப் பாவிடி இது?"

அவள் மண்டியிட்டு, வலையில் சிக்கிய ஒரு சிறு காலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கரில் லேசான கரகரப்பு. அதைத் தொடர்ந்து அவளுடைய குரலே அதிலிருந்து கிசுகிசுத்தது:

"பேசாதீங்க, பறந்துடும்."