எருத்தேன்பதியில் நிலா ஏறிய விதம்

நிலா இந்த முறையும் தவளை மாதிரித்தான் குதித்தது.

ஒத்திகை பார்க்க நின்ற ஊரே சிரித்தது. மூங்கில் வளையத்தில் எண்ணெய்த்தாள் ஒட்டி, உள்ளே பெட்ரோமாக்ஸ் தொங்கவிட்ட நிலா. நாயகி பாடத் தொடங்கும்போது தட்டிக்கு மேல் தலைகாட்டி, பாட்டு முடியும்போது உச்சிக்கு வரவேண்டும். ஏறுவது யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது.

நாடக வாத்தியார் நல்லமுத்துவும் என்னதான் செய்வார்! கயிற்றைக் காளையிடம் கொடுத்தார். காளை மிரண்டு நிலாவை வேப்பமரத்தில் ஏற்றியது. பாட்டுப்பெட்டியின் சுருள்வில்லை மாட்டினார், கிர்ரென்று போனது. சொட்டுச் சொட்டாகக் குடத்தில் நீர் நிரப்பி, அந்தக் கனத்தால் இழுக்கப் பார்த்தார். நிலா நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு இப்படி எகிறியது.

கடைசியில் கயிற்றை ஓர் உருளையில் சுற்றி, கைப்பிடி வைத்து, ஊராரைக் கேட்டார்.

"ஏனுங்க, இந்த ஊர்லயே ரொம்ப மொள்ளமா வேலை செய்யற ஆளு யாருங்க?"

எல்லாக் கழுத்துகளும் ஒரே பக்கம் திரும்பின. அங்கே ஆறுச்சாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். காலையில் எடுத்த கடலை அது.

அந்த மகராசனைப் பெண்டாட்டி விட்டுப்போனதும் இந்த மெதுவால்தான். "நீங்க ஊடு வந்து சேர்றதுக்குள்ள நான் கெழவியாயிருவனுங்க" என்று பூவாத்தாள் சித்திரையிலேயே துணி மூட்டையோடு வேலந்தாவளத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டிவருகிறேன் என்று அன்றே எழுந்தான். இது ஆவணி. இன்னும் செருப்பைத் தேடுகிறான் என்று ஊர் சொன்னது.

அவள் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்றுவிட்டால்? அந்தப் பயத்தில்தான் கால் எழவில்லை. அது ஊருக்குத் தெரியாது.

பொழுது சாய்ந்ததும் வேலந்தாவளத்து ஆட்கள் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். உருளையின் கைப்பிடி ஆறுச்சாமி கையில். நாடகம் தொடங்கியது.

அட, என்ன நிதானம்! நிலா எப்போது தலைகாட்டியது, எப்போது ஏறியது, ஒருவருக்கும் தெரியவில்லை. அது ஏற ஏற, கூட்டத்தின் மேல் வெளிச்சம் கடைசி வரிசையிலிருந்து முன்னால் ஊர்ந்து வந்தது. தட்டியின் ஓட்டை வழியே பார்த்துக்கொண்டே சுற்றியவனின் கை சட்டென்று நின்றது.

வெளிச்சத்தில் பூவாத்தாள் முகம். இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறவன் யாரென்று அவளுக்குத் தெரியாதா? உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

நிலாவும் நின்றது. நாயகி அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி மூச்சு வாங்கினாள். வாத்தியார் பல்லைக் கடித்தார்.

ஆறுச்சாமி மனசே இல்லாமல் ஒரு நூல் திருப்பினான். வெளிச்சம் அவள் முகத்திலிருந்து மடிக்கும் இறங்கியது.

மடியில், சித்திரையில் கொண்டுபோன அதே துணி மூட்டை.

நாடகம் பார்க்க வருகிறவள் மூட்டை கட்டிக்கொண்டா வருவாள்?

பாட்டு பாதியில் இருக்கும்போதே நிலா தடதடவென்று ஏறி உச்சியில் முட்டி நின்றது. கூட்டம் விசிலடித்தது.

வாத்தியார் பின்னால் ஓடிப் பார்த்தார். ஆளைக் காணோம். உருளை திரும்பிச் சுற்றாதபடி அதில் முளை செருகியிருந்தது. கீழே பாதி உரித்த ஒரு வேர்க்கடலை கிடந்தது.