வாஷ்பேசினில் எறும்பு

“போச்சா?”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நர்ஸம்மா கேட்டுவிட்டாள். தெருவுக்கே கேட்கும் குரல்.

“இன்னும் இல்லை சிஸ்டர்,” என்றார் டிரைவர், முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு.

பச்சைப் பொய். காலை ஆறு மணிக்கே எல்லாம் சுகமாக முடிந்திருந்தது.

“முப்பது வருஷம் லாரி ஓட்டின மனுஷன். வயித்துக்குள்ள இப்படியா டிராஃபிக் ஜாம் ஆகும்? தண்ணி குடிக்கிறதில்லை, எழுந்து நடக்கிறதில்லை. நான் என்ன சுவத்துக்கிட்டயா பேசறேன்?”

திட்டிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலி மாத்திரை மூச்சை மந்தமாக்குமாம், அதனால் அவருடைய மூச்சை எண்ண வேண்டுமாம். எண்ணி முடித்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

டிரைவருக்கு இடுப்பெலும்பில் கட்டி. மார்ஃபின் மாத்திரை வலியை அடக்கியது. கூடவே கண் சொக்கியது, வாய் காய்ந்தது, உடம்பெல்லாம் அரித்தது. அதெல்லாம் போகப்போகக் குறைந்துவிட்டது. வயிறு மட்டும் அடம்பிடித்தது. அதற்காகத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் நர்ஸ் வர ஆரம்பித்தாள்.

ராத்திரிக்கு இன்னொரு மாத்திரை சேர்த்ததும் வயிறும் வழிக்கு வந்துவிட்டது. அது நடந்தே மூன்று மாதம் ஆகிவிட்டது. சொல்லத்தான் அவருக்கு மனசு வரவில்லை.

போச்சு என்று சொன்னால் இவளும் போய்விடுவாளே!

மனைவி இறந்து நாலு வருஷம். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். “நல்லா இருக்கீங்களாப்பா?” என்பான். இவர் தொண்டையைச் செருமுவதற்குள், “சரிப்பா, வெச்சிடறேன்.” கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருக்கிற ஆள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான். கேள்வி எதுவாக இருந்தால் என்ன?

“உங்க வீட்ல யாரும்மா இருக்காங்க?” என்று ஒருமுறை கேட்டார்.

“நாலு சுவர் இருக்கு. பேச்சை மாத்தாதீங்க. சிரப்பைக் குடிச்சீங்களா?”

“குடிச்சேன் சிஸ்டர்.”

அதுவும் பொய். அவள் தலை மறைந்ததும், அவளே கொண்டுவந்து வைக்கும் பாட்டிலிலிருந்து ஒரு மூடி அளந்து வாஷ்பேசினில் ஊற்றிவிடுவார். வேலை மெனக்கெட்டு வருகிறவளை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தும். போதாக்குறைக்கு, கொஞ்ச நாளாக வாஷ்பேசினில் எறும்பு வேறு.

அந்த வியாழக்கிழமை ஒரு சின்னப் பெண் ஃபைலோடு வந்தாள்.

“அக்கா இன்னிக்கு லீவு சார். நான்தான் பார்க்க வந்திருக்கேன். வயிறு எப்படி இருக்கு?”

டிரைவர் பழக்க தோஷத்தில், “இன்னும் போகலைம்மா,” என்றார்.

அவள் ஃபைலைப் புரட்டினாள். நெற்றி சுருங்கியது. தொலைந்தோம் என்று நினைத்தார் டிரைவர். குட்டு உடைந்தது, நாளையிலிருந்து வாசலில் அந்தக் குரல் கேட்காது.

“வேற மாதிரி இருக்கே சார். ‘வயிறு சீராகிவிட்டது. ராத்திரி மாத்திரையே போதும், சிரப் வேண்டாம். இனி மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.’ மூணு மாசம் முன்னாடியே அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“அப்போ தினமும் வர்றது?”

“தினமும் யார் சார் வர்றா? மாசாந்திர விசிட்டுக்குத்தான் நானே வந்தேன்.”

“அக்கா ஏம்மா லீவு?” என்று டிரைவர் பேச்சை மாற்றினார்.

“அக்காவைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். எங்களோட உட்கார்ந்து ஒருநாள்கூட சாப்பிட்டதில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு எங்கேயோ போயிடுவாங்க.”

மறுநாள் மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம்.

“போச்சா?”

டிரைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தோளில் பை. அதில் டிபன் பாக்ஸ் முட்டிக்கொண்டிருந்தது.

“இன்னும் இல்லை சிஸ்டர்.”

“எப்படிப் போகும்? சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே!” என்று திட்டியபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவருக்கு வயிறும் மனசும் சேர்ந்து நிறைந்தன.

அவள் போனபிறகு சிரப் பாட்டிலை எடுத்தார். வாஷ்பேசின் பக்கம் போகவில்லை. ஒரு மூடி ஊற்றி வாயில் விட்டுப் பார்த்தார்.

வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.