இடது கார்னர்

நடுவர் அவளிடம் இந்தியில் கேட்டார்.

அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

அவருக்கும் இந்தி அவ்வளவாக வராது போலிருக்கிறது. அதே இரண்டு சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கையை ஆட்டினார். பேரைக் கேட்கிறாரா ஊரைக் கேட்கிறாரா, யார் கண்டது?

திருப்பூரில் பிறந்து, திருப்பூரிலேயே பிளஸ் ஒன் வரைக்கும் வந்துவிட்டவள் லிந்தோய். அப்பா அம்மாதான் மணிப்பூரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் மணிப்புரி, வாசலைத் தாண்டினால் தமிழ். இந்திக்கு அவள் எங்கே போவாள்?

தமிழில் பதில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கண்ணையும் மூக்கையும் பார்த்தே முடிவு கட்டிவிட்ட மனிதரிடம் என்னத்தைச் சொல்ல.

எதிரணி மாஸ்டர் விடுவதாக இல்லை. வெளி மாநிலத்துப் பெண்ணை மேட்சுக்கென்றே கூட்டி வந்து கபடி ஆட இறக்குகிறார்கள் என்று ஒரே பிடியாக நின்றார். எடுத்துச் சொல்ல வேண்டிய பி.டி. மிஸ்ஸோ ஜூனியர் பிள்ளைகளோடு அடுத்த மைதானத்தில் இருந்தார்.

நடுவர் அணியின் பக்கம் திரும்பினார். இவள் உங்கள் பள்ளிதானா என்றார்.

எல்லோரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள்.

பார்க்க மாட்டார்களா பின்னே? போன மாதம் வரை இடது கார்னர் கோகிலவாணியின் இடம். லிந்தோய் அணிக்குள் வந்ததும் அது போயிற்று. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அதற்கு முன்னால் மட்டும் என்ன, "ஏ நேபாளம்" என்கிற கூப்பிடல்தான்.

இன்றைக்குப் பார்த்துக் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் கோகிலவாணியின் அம்மா வேறு நிற்கிறார். மகள் ஆடுவதைப் பார்க்க அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறார். மகள் இப்போது வெறும் மாற்று ஆட்டக்காரி என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

கோகிலவாணி எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

லிந்தோய் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்ல மாட்டாள் என்று நினைத்தாள். தானாக இருந்தாலும் சொல்லியிருப்போமா என்றும் நினைத்தாள்.

"சார், அவளுக்கு இந்தி தெரியாதுங்க. தமிழ்லயே கேளுங்க. எங்க கிளாஸ் புள்ளதானுங்க."

சொன்னது கோகிலவாணிதான்.

சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

நடுவர் தமிழில் பேரைக் கேட்டார். லிந்தோய் சொன்னாள். படிக்கும் வகுப்பைக் கேட்டார். அதையும் சொன்னாள். நன்றியில் நெஞ்சு நிறைந்து போனது. ஒரு தேங்க்ஸில் தீருகிற விஷயமா இது?

அன்றைக்கு அவள் பிடித்த பிடி இருக்கிறதே! கபடி பாடி வந்த ஒருத்திகூடத் திரும்பிப் போகவில்லை.

இனி எதிரணி எழுந்திருக்கவே முடியாது என்று ஆனது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது.

லிந்தோய் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நொண்டி நொண்டி வெளியே வந்தாள். கோகிலவாணி ஜெர்சியை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கைத்தட்டல் தனியாகக் கேட்டது.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த பி.டி. மிஸ் ஸ்பிரேயோடு ஓடி வந்தார். பதறிப்போய், எந்தக் கால் என்று கேட்டார்.

லிந்தோய் குனிந்து இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏதோ ஒரு காலுங்க மிஸ்."

மிஸ் அவளைப் பார்த்தார். உள்ளே நிற்கிறவளைப் பார்த்தார். ஸ்பிரேயை மூடிப் பைக்குள் போட்டார்.

பிறகு அவளை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.