ஆறு வரியும் ஒன்றுபோல

தினமும் காலையில் அப்பா ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஆடி, முயற்சிக்கு ஒரு வரியாக, எழுத்தில்லாத வண்ணக் கட்டங்களை எனக்கு அனுப்புவார். மூன்றாவது வரியிலேயே ஜெயித்திருப்பார். வேலை பார்க்கும் மீன் கிடங்கில் கையுறையைக் கழற்றாமல், கைபேசியிடம் வாயால் சொல்லியே பதில் அனுப்புவேன்.

புது விசா வரும்வரை நான் ஊருக்குப் போக முடியாது. நான்கு நாளாக அப்பாவின் குரலே இல்லை. கட்டங்கள் மட்டும் வருகின்றன. “தொண்டை கட்டிக்கிச்சு பரிதி. வெளாட்டை மட்டும் விடல மனுசன், அனுப்புறாருல்ல?” என்றாள் அம்மா.

இன்றும் ஆறு வரியும் ஒன்றுபோலத் தோற்றிருந்தன. ஒரே சொல்லை ஆறு தடவை போட்டால்தான் அப்படி வரும். அம்மாவுக்கு எழுதத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல், அப்பாவின் மாத்திரை டப்பாவில் அவளே எழுதி ஒட்டிய ‘SUGAR’.

“சூப்பர்ப்பா, நாளைக்கு ஜெயிச்சிரலாம்” என்று கைபேசியிடம் சொன்னேன்.

சரியாகக் கேட்கவில்லை, மீண்டும் பேசவும் என்றது திரை.