நாலு மணிக் கப்பல்

என்னை மலையில் தனியாக விட்டுவிட்டுப் போனவர் என் சகலை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்மேல் குறை சொல்லக் கூடாது.

அக்காளைக் கட்டியவர் அவர். தங்கையைக் கட்டியவன் நான். அவர் ஆலையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்தினால் சாத்தினதுதான். எட்டு ஒன்றுக்கு வருகிறவன் முதலாளியின் மைத்துனனாக இருந்தாலும் வெளியேதான். அங்கே ஃபிட்டராக இருந்த நானும் இரண்டு முறை வெளியே நின்றிருக்கிறேன். சகலை என்று பார்த்தாரா? இல்லை.

பிள்ளைகள் சேர்ந்து எங்கள் நாலு பேரையும் கப்பல் பயணத்துக்கு அனுப்பி வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. நாலு மணிக்குக் கிளம்பிவிடும் என்றார்கள். எதிரே பெரிய மலை.

"ஏறிட்டு வந்துடலாமா?" என்றேன்.

"ஆறு மணி நேரம்தான் இருக்கு. உங்களால முடியாது, சகல."

அந்த ஒரு வார்த்தை போதாதா? ஷூவை மாட்டினேன். என்னைத் தனியாக அனுப்பக்கூடாது என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு அவரும் கூடவே கிளம்பினார்.

அடிவாரம் வரை வாடகைக் கார். பிறகு நடை. ஒவ்வொரு வளைவிலும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொண்ணே கால்."

"சரி."

"பன்னெண்டு அடிக்கப் போகுது."

"நீங்க மலை ஏற வந்தீங்களா, மணி அடிக்க வந்தீங்களா?"

சரியாக ஒரு மணிக்கு நின்றுவிட்டார்.

"பாதி நேரம் போச்சு. எங்கே நின்னாலும் திரும்பிடணும். அதான் முறை."

"உச்சி இதோ இருக்கு, சகல! எட்டிப் பிடிச்சுடலாம்."

"மலை எங்கேயும் போகாது. கப்பல் போயிடும்."

"பயமா இருந்தா நீங்க போங்க!"

போய்விட்டார். பேச்சுக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிவிட்டார். கூட வந்தவர் செய்கிற காரியமா இது?

நான் உச்சி என்று நினைத்தது உச்சியே இல்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே கால். சுற்றிலும் மேகம். கடலும் தெரியவில்லை, கப்பலும் தெரியவில்லை. என் கையே மங்கலாகத்தான் தெரிந்தது.

இறங்கும்போதுதான் கணக்குப் பார்த்தேன். பாஸ்போர்ட் கப்பலில். மாத்திரை கப்பலில். மனைவி கப்பலில். கையில் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டில், அதுவும் காலி. அந்த ஊர் பாஷையில் எனக்கு 'ஐயோ' என்று சொல்லக்கூடத் தெரியாது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தபடியே சறுக்கினேன்.

அடிவாரத்தில் ஒரு கார்கூட இல்லை. செங்கல் லாரிக்காரன் ஒருவன் என் முகத்தைப் பார்த்தே வண்டியை நிறுத்தினான்.

துறைமுக வாசலில் நான் குதித்தபோது மணி நாலு ஐந்து. கப்பல் நின்றுகொண்டிருந்தது! கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்தளத்தில் பயணிகள் கூட்டமாக நின்று விசில் அடித்தார்கள், கத்தினார்கள். நேரம் கழித்து ஓடி வருகிறவர்களைக் கேலி செய்வது கப்பலில் ஒரு பொழுதுபோக்கு. என்னைத்தான் என்று தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன்.

என்னை இல்லை. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போட்டிருந்த பாலத்தில், குறுக்கே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார் என் சகலை.

"தொடாதீங்க! ஐயோ, தொட்டா உயிரே போகுது!"

ஒரு நர்ஸ், இரண்டு சிப்பந்திகள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அதிகாரி. ஆள் கிடக்கும்போது பாலத்தை எப்படி எடுப்பது?

நான் அவரைத் தாண்டி உள்ளே குதித்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகுதான் சக்கர நாற்காலியில் உட்காரச் சம்மதித்தார்.

கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மேஜையில் பக்கத்திலிருந்தவர் சொன்னார்: "உங்களாலதான் சார் கப்பலே பத்து நிமிஷம் லேட்டு."

சகலை தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. நான் விடுவேனா?

"ஊரையே கேட்டுக்கு வெளியே நிறுத்தினவர் இவர். இன்னிக்கு இவரே லேட்டு! முன்னாடி கிளம்பியும் என்கூடத்தான் வந்து சேர்ந்தார். பேசாம உச்சிக்கே வந்திருக்கலாம்."

மேஜையே சிரித்தது. சகலையின் மனைவி மட்டும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரு லேட்டு? இவர் மூணு மணிக்கே வந்தாச்சு. குளிச்சு, காப்பி குடிச்சு, மேல்தளத்துல நின்னு ரோட்டையே பார்த்துட்டு இருந்தார். நாலு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது, 'மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துடுச்சு, எடுத்துட்டு வரேன்'னு ஓடினார். கண்ணாடி மூக்குலதான் இருந்துச்சு."

தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டேன்.

"கால் எப்படி இருக்கு, சகல?"

"எந்தக் கால்?" என்றார்.

எல்லாம் சரி. ஆனால் மலையில் என்னைத் தனியாக விட்டுவிட்டு வந்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல வேண்டுமா, இல்லையா? மூன்று வருஷம் ஆகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை. அவர் சொல்லட்டும். அப்புறம் நான் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன்.