திரையில் பூசிய திருநீறு

பட்டம் வாங்கி எட்டு மாதமாக எனக்கான நேர்காணல்களில் எல்லாம், செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய என் நகல்தான் கைபேசிக்குள் இருந்து பேசுகிறது. என் முகம், என் குரல். என் உளறல் மட்டும் கிடையாது. ஒவ்வொரு முறையும் அம்மா திரைக்குத் திருநீறு பூசிவிடுவாள்.

இன்று வேலை கிடைத்துவிட்டது, நகலுக்கு. சம்பளம் எனக்கு வருமாம். அலுவலகத்துக்கு நான் வரத் தேவையில்லையாம்.

“உக்காந்த இடத்துல சம்பளம். வேற என்னடி வேணும்?” என்றாள் அம்மா.

“வேலை வேணும்மா.”

நகலை அழித்தேன். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“அதே கம்பெனிக்குத்தான். நேர்ல போய் நானே உளறிக்கிறேன்.”

அம்மா உள்ளே போய்த் திருநீறு எடுத்துவந்து, பழக்கதோஷத்தில் கைபேசியைத் தேடினாள்.

நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன்.