வெள்ளிக்கிழமை வெளியாகும்

'கணவர் இல்லாமல் குடும்பம் நடத்த ஏழு வழிகள்.' கம்ப்யூட்டர் திரையில் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் கணவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

மனைவியின் பிளாக் அது. கறை போக்குவது, எறும்பு விரட்டுவது என்று வீட்டுக் குறிப்புகளாக எழுதித் தள்ளுவாள். புருஷனைப் பறிகொடுத்த யாருக்கோ யோசனை சொல்கிறாள் போலிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தான்.

'நேற்று காலை என் கணவர் இந்த வீட்டில் இருந்தார். இன்று இல்லை. இனி வரவும் மாட்டார்.'

சிரிப்பு அப்படியே உறைந்தது. திரையின் மேல்மூலையில் பச்சை எழுத்தில், 'வெள்ளிக்கிழமை காலை தானாக வெளியாகும்' என்றிருந்தது. இன்றைக்கு ஞாயிறு.

வெள்ளிக்கு முந்தைய நாள் வியாழன். வியாழக்கிழமைதான் அவன் ஆபீஸ் வேலையாக வெளியூர் கிளம்புகிறான். எதையும் முன்கூட்டியே முடித்து வைத்துவிடுகிற பெண்தான் அவள். அதற்காக இதையுமா?

'அவர் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழாதீர்கள். மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காப்பீட்டில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். அக்கம்பக்கத்தில் துருவுவார்கள். எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லுங்கள்.'

இரண்டு குறிப்புகளுக்கு நடுவே விளம்பரங்கள். சக்கரம் வைத்த பெட்டி, கடலோரத்தில் ஒரு படுக்கையறை வாடகை வீடு. அவசரமாகக் கீழே தள்ளிவிட்டு மிச்சத்தைப் படித்தான்.

சமையலறையில் அவள் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"என் பக்கத்தத் தொறந்தா ஒரே டயபர் விளம்பரமா வருதா? கைக்குழந்தைய வச்சிருக்க, உனக்கு அதுதாண்டி வரும். யார் எதைத் தேடறாங்களோ அவங்களுக்கு அதைத்தான் காட்டும்... மாமாவா? இருக்கார், இருக்கார். வியாழக்கிழமை வரைக்கும் இருப்பார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

காபியோடு வந்தாள். டம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "குடிங்க, ஆறிடப்போகுது."

"நீ குடிக்கலியா?"

"நான் அப்பவே குடிச்சிட்டேன்."

"என்னமோ கசக்குதே."

"நீங்க இன்னும் வாயிலயே வைக்கலியே!"

அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான். அவள் அதைக் கவனித்தாள்.

"வியாழக்கிழமை கார்லதானே போறீங்க?" என்றாள். "பிரேக் சரியில்லேன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. நேத்து நீங்க தூங்கறப்ப மெக்கானிக்க வரவழைச்சேன். ஏதோ பண்ணிட்டுப் போனார்."

"ஏதோன்னா?"

"எனக்கென்ன தெரியும்? கறை போக்கறதுதானே எனக்குத் தெரியும்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இப்பல்லாம் பிளாக்ல அதை எழுதறதில்ல போல?"

"கூட்டம் இருக்கற இடத்துலதானே கடை போடணும்? ஜனங்க எதை அதிகமா தேடறாங்கன்னு காட்ட ஒரு டூல் இருக்கு. மஞ்சள் கறையச் சீண்ட ஆளில்ல. தனியா வாழறது எப்படின்னு தேடறவங்க எக்கச்சக்கம்."

"அதுக்காக நடக்காத ஒண்ண எழுதலாமா?"

"கூடாதுதான். கற்பனையா எழுதினா படிக்கறவங்க மோப்பம் பிடிச்சிடுவாங்க. சொந்த அனுபவத்த எழுதறதுதான் இப்ப டிரெண்டு." சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். "அதான் வெள்ளிக்கிழமைக்குப் போட்டு வச்சிருக்கேன்."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து நின்றான்.

"எல்லாத்தையும் படிச்சிட்டேன்! காபில என்ன கலந்த? கார்ல என்ன பண்ணின? வெள்ளிக்கிழமைக்குள்ள என்னைக் கொன்னுடலாம்னு பாக்கறியா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பயந்த நாயைப் பார்க்கிற பார்வை. பிறகு அவன் டம்ளரை எடுத்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை தானே குடித்தாள்.

"கொல்றதா? மெக்கானிக் பிரேக்கப் புதுசா மாத்திக் குடுத்திருக்கார். போற எடத்துக்குப் பத்திரமாப் போய்ச் சேரணும்ல?"

"அப்ப... இனி வர மாட்டேன்னு எழுதியிருக்க?"

அவள் எழுந்து மேஜையைச் சுற்றி அவன் பக்கம் வந்தாள். அவன் தள்ளிவிட்ட இடத்துக்கே பக்கத்தை ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தினாள். சக்கரப் பெட்டி. அதற்குக் கீழே, ஜன்னலில் கடல் தெரிகிற வீடு. 'உடனே குடியேறலாம்' என்று மின்னிக்கொண்டிருந்தது.

"இந்தக் கம்ப்யூட்டர்ல உக்கார்றது நாம ரெண்டே பேரு. நான் பெட்டியும் தேடல, வீடும் தேடல. தேடினதையெல்லாம் அழிச்சிட்டா தீந்துதுன்னு நெனச்சிட்டீங்க. விளம்பரம் மறக்குமா?"

அவன் பக்கத்தை மூட மவுஸை நோக்கிக் கை நீட்டினான்.

அவள் விரல் அந்த வீட்டின் மேல் போய் நின்றது.

"ஒரே ஒரு படுக்கையறைதான் போட்டிருக்கான். உங்க ரெண்டு பேருக்கும் போதுமா?"